வலது கால் ஆறியது, இடது கால் ஆறவில்லை

பினாங்கில் இருந்துகொண்டு "கால் வறண்டு வெடிச்சுப்போச்சு" என்றால் சிரிக்கிறார்கள். துணியே காயாத ஊரில் கால் எப்படிக் காயும்? காயும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அங்கே இருப்பது வியர்வைச் சுரப்பி மட்டும்தான். தோலும் அங்கே தடிமன். நான் பாயான் லெப்பாசில், ஏர்கான் ஓயாத தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்கிறவள். வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்கால், வெளியே போனால் பின்பக்கம் திறந்த சிலிப்பர். நிற்கும்போது உடம்பின் பாரத்தில் குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கும். காய்ந்த தடித்த தோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓரத்தில் பிளந்துவிடும்.

எனக்கு இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி சுரீர் என்றிருக்கும். பெட்ஷீட் நூல் வெடிப்பில் மாட்டி இழுக்கும். பார்மசியில் இருந்த தங்கச்சி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: "அக்கா, வாசனையைப் பார்த்து வாங்காதீங்க, யூரியா எத்தனை சதவீதம்னு பாருங்க." 10 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 25, 40 என்று ஏறினால் தடித்த தோலை இளக்கி உதிர்க்கும். ஆழமான வெடிப்பில் பட்டால் எரியும் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தாள். எரிந்தது.

இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கால் வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கப் போகும் முன் க்ரீம், அதன்மேல் வாசலின், பிறகு பருத்திக் காலுறை. சுடுதண்ணீர் கூடாது, இருக்கிற ஈரத்தையும் எடுத்துவிடும். தேய்க்கிற கல் மெதுவாகப் போடலாம். பிளேடு வேண்டவே வேண்டாம்.

வலது குதிகால் மிருதுவாகிவிட்டது. இடதுகால் மட்டும் பிடிவாதம். வெடிப்பு குறைந்தாலும், உள்ளங்கால் ரேகைகளில் மாவு தூவியதுபோல வெள்ளையாகச் செதில் நின்றது. அரிப்பும் பெரிதாக இல்லை. அதனால்தான் எல்லோரும் வறட்சி என்றே சொன்னார்கள்.

தோல் டாக்டர் குதிகாலைப் பார்க்கவேயில்லை. முதலில் சுண்டுவிரல் இடுக்கை விரித்துப் பார்த்தார். அங்கே தோல் ஊறி வெளுத்திருந்தது. உள்ளங்காலிலிருந்து செதிலைக் கண்ணாடித் துண்டில் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். அது தோல் செல்களைக் கரைத்துவிடும். ஃபங்கஸ் இழைகள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். தெரிந்தன. சேற்றுப்புண் என்றால் விரலிடுக்கோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். உள்ளங்கால் முழுக்கப் பரவி, ஷூ போட்ட மாதிரி ஓரம் கட்டி நிற்கிற வகையும் உண்டு. ஒரு காலுக்கும் மற்றதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தாலே ஃபங்கஸைச் சந்தேகிக்க வேண்டும் என்றார்.

வீட்டில் கிடக்கும் எக்சிமா மருந்தைத் தடவாதே என்பதையும் அழுத்திச் சொன்னார். அதில் இருக்கும் ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும், அடியில் ஃபங்கஸ் பரவிக்கொண்டே போகும். ஃபங்கஸைக் கொல்லும் டெர்பினாஃபின் க்ரீம் கொடுத்தார். தோல் தடிமன் என்பதால், கல்லீரல் தொந்தரவு உண்டா என்று விசாரித்துவிட்டு மாத்திரையும் சேர்த்தார். யூரியாவை நிறுத்தவில்லை, மேல்தோல் மெலிந்தால்தான் மருந்து உள்ளே இறங்குமாம். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடக்கூடாது, காய விட வேண்டும். வேலைக்குப் போகிறவளுக்கு இதுதான் செலவு வைத்த அறிவுரை.

அம்மாவுக்கு இனிப்புநீர், அவர் காலும் வறண்டுதான் இருக்கிறது என்றேன். டாக்டரின் முகம் மாறியது. சர்க்கரை நரம்பைப் பாதித்தால் வியர்வை நின்று கால் காயும். அதே காரணத்தால் வலியும் தெரியாது. வெடிப்பு புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியவரும். இனிப்புநீர் உள்ளவர்கள் கல், ஆணிக்கால் பிளாஸ்டர், சுடுதண்ணீர் எதுவும் சொந்தமாகச் செய்யக்கூடாது. க்ரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. தினமும் ஒருவர் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

கைப்பேசி வெளிச்சத்தில் நான்தான் பார்க்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பது பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை. "அத்தனை வருஷம் நடந்தேன், முருகன் பார்த்துக்குவார்" என்கிறார் அம்மா. "கோயில் வாசல் வரைக்கும் செருப்பு போட்டுட்டு வாங்கம்மா" என்பது என் பேரம்.