தேரோட்ட நேரலை: ஒரு செய்முறைத் தேர்வின் அனுபவம்

காட்சித் தொடர்பியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் எங்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. வெளியில் நடக்கும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலை செய்ய வேண்டும். தயாரிப்புக் கோப்பைச் சமர்ப்பிக்க வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. நால்வர் கொண்ட எங்கள் குழு, தஞ்சை மாவட்டத்துக் கோயில் ஒன்றின் தேரோட்டத்தை எடுத்துக்கொண்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்று காலை கைப்பேசியைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள் என்று தெரிந்ததும், மதிப்பெண் கவலை பின்னுக்குப் போய்விட்டது. இந்த ஆண்டு இதே தேர்வுக்கு நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேமராவைப் பற்றியே கேட்கிறார்கள். எங்களிடம் இருந்தவை துறையின் மூன்று பழைய கேமராக்கள், அவையே போதும். தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள். திரையில் தெரியும் எழுத்துகள் வெளியீட்டில் வராதபடி அமைத்துக்கொள்ளுங்கள். கேமராவிலிருந்து படத்தைக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. தூரத்துக் கேமராவுக்கு, நெடுந்தூரம் படத்தைக் கொண்டுவரும் எஸ்.டி.ஐ. கேபிள்தான். கேமராவைப் பற்றி இவ்வளவு போதும்.

உண்மையான பாடு இணையத்தில் இருக்கிறது. 1080 தரத்தில் வினாடிக்கு 4,500 கிலோபிட், அதாவது 4.5 மெகாபிட், அனுப்புவது என்று முடிவு செய்தோம். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 2 ஜி.பி. ஆகிறது. அனுப்பும் அளவைப் போல இரு மடங்காவது பதிவேற்ற வேகம் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் சொல்லித் தந்த கணக்கு. ஒரு சாதாரண நாளில் போய்க் கைப்பேசியில் அளந்தபோது 20 மெகாபிட் காட்டியது. மகிழ்ந்துபோனோம். நல்ல வேளையாகக் கொடியேற்றத்தன்று மாலை மறுபடியும் போய்க் கூட்டத்தின் நடுவே நின்று அளந்தோம். 2 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ஆயிரம் பேர் ஒரே கோபுரத்தைப் படமெடுத்து ஒரே நேரத்தில் அனுப்பும்போது கைப்பேசி அலைவரிசையில் உங்களுக்கு இடம் இருக்காது. ஆளில்லாத நாளில் எடுத்த அளவை மட்டும் கோப்பில் எழுதாதீர்கள்.

ஆகவே கீழ வீதியில் ஒரு வீட்டின் ஃபைபர் இணைப்பைக் கேட்டு வாங்கினோம். அந்த வீட்டு மாடியிலிருந்து, நேரலைக் கணினி இருந்த எங்கள் மேசைக்கு 60 மீட்டர் நெட்வொர்க் கேபிள். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர் என்பதால் மேசையின் இடத்தையே அதற்கேற்ப மாற்றினோம்.

நாங்கள் சறுக்கியது மின்சாரத்தில். தேர் வரும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதில் யாரும் குறை சொல்ல இடமில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர்த் திருவிழாவின்போது உயரழுத்தக் கம்பி உரசி 11 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தை அறிந்த மாவட்டம் இது. மின் நிறுத்தம் வரும் என்று எங்களுக்கும் தெரியும்; கணினிக்கும், கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சருக்கும் யு.பி.எஸ். வைத்திருந்தோம். 60 மீட்டர் தள்ளி மாடியில் இருந்த மோடத்தை மறந்துவிட்டோம். காலை 8.41க்கு வீதியில் மின்சாரம் நின்றது, மோடம் அணைந்தது, நேரலை அறுந்தது. மாற்றாக வைத்திருந்த சிம் கார்டு அந்தக் கூட்டத்தில் அசையவே இல்லை. மூச்சிரைக்க மாடியேறிய என்னிடம் அந்த வீட்டுப் பாட்டி, "பூஜையறைப் பிளக்கில் மாட்டு தம்பி, அதற்கு மட்டும் இன்வர்ட்டர் இருக்கிறது" என்றார். 8.48க்குப் படம் திரும்பியது. அந்த ஏழு நிமிடங்களில்தான் தேர் நிலையை விட்டு அசைந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

மின் நிறுத்தம் எந்த வீதியில் எத்தனை மணிக்கு என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு தருபவரிடமும், வீட்டுக்கு வெளியே வழியில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் யு.பி.எஸ். மட்டும் காப்பாற்றாது.

ஒலியை மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து எடுத்தோம். அவருடைய வெளியீட்டை நம் கருவியின் மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். மிக்ஸர் போன்ற கருவிகளின் வலுவான ஒலிக்கென்று இருக்கும் லைன் உள்ளீட்டில்தான் செருக வேண்டும். அதில் வருவது அறிவிப்பாளரின் குரலும் ஒலிபெருக்கியில் போடும் பாட்டும் மட்டுமே. நாதஸ்வரமும் தவிலும் வடம் பிடிப்பவர்களின் குரலும் வேண்டுமென்றால் தனியாக ஒரு மைக்கை வீதியில் வைத்தாக வேண்டும். அது இல்லாத தேரோட்டம் ஊமைப்படம். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் ஓடும்போது மிக்ஸர் ஒலியை இறக்கிவிடுங்கள். பதிப்புரிமை உள்ள பாடல் கேட்டால் யூடியூப் நேரலையையே நிறுத்தக்கூடும். கேமரா முன் கைதட்டி, ஓசையும் படமும் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். மிக்ஸர் ஒலி படத்தை முந்திக்கொண்டு வரும், நேரலையை அனுப்பும் ஓ.பி.எஸ். மென்பொருளில் ஒலியைத் தேவையான அளவு தாமதப்படுத்தினால் சரியாகிவிடும்.

புதிய யூடியூப் கணக்கில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். முதல் நாள் இரவு தொடங்கினால் முடிந்தது கதை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் காணொளிக்கு முன் கோப்பைத்தான் திறந்தார். 8.41, 8.48 என்ற இரண்டு வரிகளையும் நாங்கள் மறைக்காமல் எழுதியிருந்தோம். "இதை எப்போது கண்டுபிடித்திருக்கலாம்?" என்று கேட்டார். "ஒத்திகையன்று அந்த வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்திருந்தால்" என்றேன். "அந்த ஏழு நிமிடம் எங்கே?" என்றார். மூன்று கேமராக்களின் நினைவக அட்டையிலும் தனியாகப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது; அதைச் சேர்த்து முழுக் காணொளியை அன்றிரவே ஏற்றியிருந்தோம். தேர் அசையும் இடத்தை அவருக்குப் போட்டுக் காட்டினோம்.