தையல் ஆறியது, வலி ஆறவில்லை

ஆபரேஷன் செய்து மகள் பிறந்து நான்கு மாதங்கள் ஆன பின்பும், அடிவயிற்றுத் தையலின் வலது ஓரத்தில் எனக்கு ஒரு வலி விடாமல் இருந்துவந்தது. வெளியே பார்த்தால் தையல் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கக் குனியும்போதெல்லாம், அந்த ஒரே இடத்தில் சுரீரென்று பிடித்துத் தொடை வரை இழுக்கும். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் இரண்டு முறை சொன்னேன். "ஆபரேஷன் என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். பச்சை உடம்பு என்று அம்மா பூண்டுக் குழம்பும் லேகியமும் குறைவில்லாமல் தந்து, அதே பதிலைச் சொன்னார்.

குழந்தை அழும்போது தூக்குவதற்கு முன் ஒரு கணம் தயங்கத் தொடங்கினேன். அந்தத் தயக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறேனே என்ற நினைப்பில், அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஒரு நள்ளிரவில், நான் இல்லாமல் போனால்தான் இவளுக்கு நல்லது என்று தோன்றியபோது நடுங்கிப்போய்க் கணவரை எழுப்பினேன். அவர்தான் அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துக் கொடுத்தார். பேசிய பெண் நிதானமாகக் கேட்டு, என்னைத் தனியே விடக்கூடாது என்று அவரிடம் சொல்லி, மறுநாளே மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தார்.

மருத்துவர் எடின்பரோ வினாத்தாளைத் தந்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் உலகெங்கும் பயன்படும் அந்தத் தாளில் பத்துக் கேள்விகள் உண்டு. உடல் வலியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஏழாவது கேள்வி, மனவருத்தத்தால் தூக்கம் கெட்டதா என்பது. "இல்லை" என்று குறித்தேன். என் கண்களைப் பார்த்த மருத்துவர் காரணம் கேட்டார். "வருத்தத்தால் இல்லை டாக்டர், வலியால்தான் தூங்கவில்லை" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "எங்கே வலிக்கிறது? ஒரு விரலால் காட்டுங்கள்" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

பிரசவத்தை ஒட்டிய வலி கடுமையாக இருந்த பெண்களுக்கு எட்டாவது வாரத்தில் மனச்சோர்வு காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்வதாக விளக்கி, இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்று வலி நிவாரணப் பிரிவுக்கும் கடிதம் கொடுத்தார்.

அங்கே என்னைப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரல் நுனியை அழுத்திக்கொண்டு தலையை மட்டும் தூக்கச் சொன்னார்கள், வலி இரட்டிப்பானது. கோளாறு வயிற்றுக்குள் இல்லை, வயிற்றுச் சுவரில்தான் இருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம். வெட்டின் ஓரத்தில் ஒரு சிறு நரம்பு தழும்பில் சிக்கியிருந்தது. மரத்துப்போகும் ஊசியை அதன் அருகே போட்ட சில நிமிடங்களில், கீழே குனிந்து என் செருப்பை நானே எடுத்தேன். அந்த நிம்மதி சில நாட்கள்தான் நீடித்தது என்பதால் ஊசியை மேலும் இரண்டு முறை போட வேண்டியிருந்தது.

வலி குறைந்ததுமே மனம் தெளிந்துவிடவில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதென்று மருத்துவர் தேர்ந்துகொடுத்த மாத்திரையும் வாராந்திர ஆலோசனையும் பல மாதங்கள் தொடர்ந்தன. ஆனால் வலி குறைந்திருக்காவிட்டால் அவை என்னிடம் இவ்வளவு பலித்திருக்காது என்றே நம்புகிறேன். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, பிரசவக் கோப்பில் அந்த நரம்பைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டு, எழுதி முடிக்கும் வரை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.