மகனுக்காக ஆலோசனை ஆசிரியரைத் தேடி அலைந்த கதை

தரம் 6இல் பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும் கொழும்புப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். புலமைப்பரிசில் பரீட்சை, வெட்டுப்புள்ளி, அனுமதிக் கடிதம் எல்லாம் உங்களுக்கே தெரியும். சேர்ந்த பிறகு பிள்ளை "நான் போகமாட்டன்" என்று நின்றால் யாரிடம் போவது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மகனுக்கு ஞாயிறு பின்னேரமே வயிற்றுவலி தொடங்கிவிடும். திங்கள் காலை வேன் ஹோர்ன் கேட்டதும் சத்தி. இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தோம், ஒரு குறையும் இல்லை. "பள்ளிக்கூடத்தில ஏதும் பிரச்சினையோ என்று பாருங்கோ" என்றார் எங்கள் டிஸ்பென்சரி டொக்டர். எவ்வளவு கேட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை.

பெரிய பள்ளிக்கூடங்களில் ஆலோசனை வழிகாட்டலுக்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார். பல இடங்களில் அவரே பாடமும் எடுப்பார். அதனால் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. அதிபருக்குக் கடிதம் கொடுங்கள் என்று கந்தோரில் சொன்னார்கள். சரி என்று வயிற்றுவலி, அழுகை, இரவில் தூங்காதது எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த கிளார்க் அதை வாங்கி உரக்க வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "மகனுக்கு மண்டையில ஏதும் பிரச்சினையோ அம்மா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் மகனின் வகுப்புப் பிள்ளை ஒருவரின் தாயும் இருந்தார். அடுத்த நாளே வேனில் ஒரு பையன் மகனிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளையின் துன்பம் அது. ஃபோட்டோகொப்பி எடுக்க வந்தவர்கள் காதில் விழ வேண்டிய விசயமா?

இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கடிதத்தில் ஒரே வரி போதும்: "என் மகன் சம்பந்தமாக ஆலோசனை ஆசிரியரைச் சந்திக்க அனுமதி தரவும்." காரணம் கேட்டால், "மிஸ்ஸிடம் நேரில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால் பகுதித் தலைவரை, அதாவது அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியரை, பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

அனுமதி கிடைத்து, வேலைக்கு அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் இருந்து போனால், ஆசிரியை வலயக் கல்விப் பணிமனையில் செயலமர்வுக்குப் போயிருந்தார். ஒரு கோல் எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. போவதற்கு முதல் நாள் கட்டாயம் கோல் எடுத்துக் கேளுங்கள்.

ஒருவழியாக அவரைச் சந்தித்தோம். ஆலோசனை அறை என்று பலகை போட்ட அறையில் பேண்ட் வாத்தியங்களும் கிரிக்கெட் பாயும் அடுக்கியிருந்தன. மிஸ் தானே இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டுபோய் நூலகத்தின் பின்பக்கத்தில் போட்டார்.

"ஏன் பள்ளிக்கூடம் வரேல்ல?" என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் 7.30 முதல் 1.30 வரை கோடு போட்டு, பாடவேளைகளைப் பிரித்து, கலர் பென்சில் பெட்டியை மகன் பக்கம் தள்ளினார். பிடித்த நேரத்துக்குப் பிடித்த நிறம். கணிதம் பச்சை, சித்திரம் மஞ்சள். இடைவேளைக்கு வந்ததும் கறுப்புப் பென்சிலை எடுத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தித் தீட்டினான்.

"இந்த நேரத்தில எங்க நிப்பீங்கள் தம்பி?"

"பைப்படியில."

"சாப்பாடு?"

"வேனில சாப்பிடுவன்."

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே முதலாம் ஆண்டில் இருந்து தங்களுக்குள் ஒன்றாகப் படித்த பையன்கள் சிலர் இவன் சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்துக் கைமாற்றி விளையாடியிருக்கிறார்கள். அம்மாவிடம் காட்டலாமா என்று அவனிடம் கேட்டு, அவன் தலையாட்டிய பிறகுதான் மிஸ் அந்தத் தாளை எனக்குக் காட்டினார். கந்தோரில் எங்களுக்குக் கிடைக்காத மரியாதை அது.

தொடக்கத்திலேயே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "நீங்கள் சொல்லுறதை நான் வெளியில சொல்லமாட்டன். உங்களுக்கோ வேற ஆருக்குமோ ஆபத்து எண்டால் மட்டும் சொல்லத்தான் வேணும்." மருந்து கொடுப்பதோ நோய்க்குப் பெயர் வைப்பதோ தன் வேலை இல்லை என்றும், சில கிழமைகளில் மாற்றம் தெரியாவிட்டால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகச் சொல்வேன் என்றும் சொன்னார். அரச வைத்தியசாலை என்பதால் செலவை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

அந்தப் பையன்களை இவன் முன்னால் கூப்பிட்டுத் திட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் அவர்களைத் தனித்தனியாகச் சந்தித்தார், இவன் பெயரை எடுக்கவில்லை. வகுப்பாசிரியரிடம் சொல்லி முழு வகுப்புக்கும் இருக்கை மாற்ற வைத்தார். இடைவேளையில் நூலகப் புத்தகம் அடுக்க இவனையும் அமைதியான இன்னொரு பிள்ளையையும் சேர்த்துவிட்டார். வயிறு பிசையத் தொடங்கினால் ஆசிரியரிடம் காட்டிவிட்டுத் தன்னிடம் வர ஒரு சின்ன அட்டையும் கொடுத்தார். மகன் அதை இதுவரை பாவித்ததே இல்லை, ஆனால் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறான். இப்போது சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வருகிறது, அந்த மற்றப் பிள்ளையோடு பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்களாம்!

இன்னும் சில விசயங்கள். சந்திப்பை விளையாட்டுப் பாடவேளையில் வைக்க விடாதீர்கள், பிள்ளை தண்டனை என்று நினைத்துவிடும். ஆசிரியருக்குத் தமிழ் தெரியுமா என்று முதலே கேளுங்கள். வீட்டில் பேசுகிற பாசையில்தான் பிள்ளை மனம்விட்டுப் பேசும். வீட்டுக்கு வந்ததும் "மிஸ் என்ன கேட்டா, நீ என்ன சொன்னாய்?" என்று துருவாதீர்கள். பள்ளிக்கூடம் கண்டுகொள்ளாவிட்டால், அல்லது அடி, தொந்தரவு என்று வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குக் கோல் எடுக்கலாம். மனநலம் பற்றிக் கேட்க 1926 இருக்கிறது.

அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களுக்கு இடமாற்றம் எப்போதும் வரலாம். அதனால் பொறுப்பை எடுக்கக்கூடிய அடுத்த ஆசிரியரை மகனுக்கு இப்போதே அறிமுகப்படுத்திவிடும்படி மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த தவணை தொடங்கும்போது செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.