88-ம் 1.0-ம் ஒன்றுதான்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பது பாதி வேலை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது மீதி. என்ன நோய் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அது டாக்டர் பாடு. தாளை எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகை யாருமே பார்ப்பதில்லை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 88 என்று கண்டதும் ஒரு அங்கிள் ஆடிப்போய்விட்டார். சென்னையில் இருக்கும் மச்சானுக்கு 1.0 தானாம். "அப்போ எனக்கு கிட்னி போச்சா தம்பி?" அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மைக்ரோமோல். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று கால்குலேட்டரில் போட்டுக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை. "சீனி 7தானே, ஊரில் அக்காவுக்கு 110" என்று நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. சீனிக்கு இங்கே மில்லிமோல் கணக்கு; நம் 7-ஐ 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கில் 126. வெறும் வயிற்றில் அந்த அளவைத் தொட்டாலே இனிப்பு நீர், அதாவது நீரிழிவு என்று எடுத்துக்கொள்வார்கள்; அறிகுறி இல்லையென்றால் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள். கொலஸ்ட்ராலுக்கு இந்த 18 செல்லாது, அதற்குச் சுமார் 39.

அப்புறம், எண் வரம்பைத் தாண்டினால் பக்கத்தில் விழும் நட்சத்திரக் குறி. ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படிதான் பெரும்பாலான வரம்புகளை வைக்கிறார்கள். இருபது சோதனை செய்தால் நல்ல உடம்புக்கும் ஒன்றில் குறி விழலாம். கொஞ்சம் தாண்டியதா, ரொம்பத் தாண்டியதா, போன வருஷம் எவ்வளவு என்று டாக்டர் பார்ப்பார். அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். மாதவிலக்கு நாள் என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சிறுநீரில் ரத்தம் என்று வந்து நிற்கும்.

சில சமயம் பொட்டாசியம் மட்டும் எகிறியிருக்கும். நரம்பு கிடைக்காமல் தடுமாறி எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிந்துவிடும். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் திரவம் வெளிர் மஞ்சளாக இல்லாமல் சிவந்திருக்கும். அதைப் பார்த்தால் திரும்ப வரச் சொல்லிவிடுவோம். "மறுபடியும் காசா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் கூடத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை.