எந்த மாநிலத்து அட்டை?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கருக்கலைப்பு கிளினிக்கில் போன் எடுப்பதும் கட்டணக் கணக்கு பார்ப்பதும்தான் என் வேலை. அழைப்பவரிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்பேன். அப்புறம் காப்பீடு. “மெடிக்கெய்ட் இருக்கிறது” என்று பலர் நிம்மதியோடு சொல்வார்கள். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவிடும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு அது. எந்த மாநிலத்து அட்டை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இல்லினாய் அட்டை என்றால் கவலையில்லை; 2018 முதல் மாநில அரசே தன் பணத்திலிருந்து கொடுக்கிறது. பக்கத்து இந்தியானா அட்டை என்றால் மொத்தமும் அந்தப் பெண்ணின் கையிலிருந்து வரவேண்டும். அங்கே 2023 முதல் ஏறக்குறைய முழுத் தடை வேறு.

கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு தாய் இந்தியானாவிலிருந்து அழைத்தார். “அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளம் வந்துவிடும். அதற்கப்புறம் வரலாமா?” நாள்காட்டியைப் பார்த்தேன். அதற்குள் 12-வது வாரம் ஆகிவிடும். எங்களிடம் மாத்திரை 11 வாரம் வரைதான். அதன்பின் சிகிச்சை முறை மாறும், கட்டணமும் ஏறும். பணம் சேரட்டும் என்று காத்திருந்தால், சேர்க்க வேண்டிய தொகையே கூடிவிடுகிறது. பெட்ரோல் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி இதெல்லாம் தனி. நன்கொடையில் நடக்கும் உதவி நிதியங்களுக்கு வரிசையாகப் போன் செய்தேன். ஒன்று பாதி தந்தது, இன்னொன்று மீதியைத் தந்தது. சம்பள நாளுக்கு முன்பே அவர் வந்துவிட்டார். நிதியத்தில் அந்த மாதப் பணம் தீர்ந்தபின் அழைப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மனது ஆறுவதில்லை.

இதன் வேர் 1976-இல் இருக்கிறது. கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணம் போகக்கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ஹைட் கொண்டுவந்த திருத்தம் அது. அவரும் இல்லினாய்க்காரர்தான். வன்புணர்வு, ரத்த உறவினரால் உண்டான கரு, தாயின் உயிருக்கு ஆபத்து ஆகியவற்றுக்கு மட்டும் இப்போது விலக்கு. பணக்காரப் பெண்களையும் தடுக்கவே விருப்பம், கையில் கிடைத்தது மெடிக்கெய்ட் மசோதா மட்டுமே என்று அவரே அவையில் சொன்னார். வறுமை அரசு உண்டாக்கிய தடையல்ல, அதை நீக்கும் கடமை அரசுக்கு இல்லை என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பிரசவச் செலவை இதே மெடிக்கெய்ட் ஏற்கிறதே! ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு மறுப்பதை என்னால் நடுநிலை என்று ஏற்க முடியவில்லை.

அந்தத் திருத்தம் நிரந்தரச் சட்டமும் அல்ல. ஆண்டுதோறும் செலவின மசோதாவில் புதிதாகச் சேர்க்கிறார்கள். ஒரு வருடம் சேர்க்காமல் விட்டால் போதும். பட்ஜெட் காலம் வரும்போதெல்லாம் என் தொகுதி உறுப்பினருக்கு இதைத்தான் எழுதுகிறேன்.