அமெரிக்க விசிட்டர் விசா: ஃபைலைவிட ஃபார்ம் முக்கியம்

பெற்றோருக்கு பி1/பி2 விசா எடுக்கும்போது வீட்டுப் பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஃபைல் கனத்துக்கொண்டே போகும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகக் கவுன்டரில் பெரும்பாலும் அதைக் கேட்பதே இல்லை. நாம் இணையத்தில் நிரப்பிய விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் அதிகாரி முன் இருக்கிறது; கேள்விகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

நம்மவர்கள் சறுக்குவது பெயரில். பல தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் காலியாக இருக்கும். படிவம் அதைக் காலியாக விடாது. கிவன் நேமில் உள்ள பெயரை அப்படியே சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் ‘எஃப்என்யு’ (FNU, ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்க்கவே கூடாது.

20 நிமிடம் தொடாமல் விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே அப்ளிகேஷன் ஐடியைக் குறித்துக்கொண்டு அடிக்கடி சேவ் செய்யுங்கள். போட்டோ 2 அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, 6 மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடி போடாமல்.

கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. முதலில் கைரேகைக்கு ஒரு நாள், பிறகு நேர்காணலுக்கு ஒரு நாள். இடையில் தப்பைத் திருத்திப் புதுப் படிவம் அனுப்பினால் அப்பாயின்ட்மென்ட்டில் உள்ள எண்ணோடு பொருந்தாது. அங்கே போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே, ஸ்லாட் எடுக்கும் முன்பே இன்னொருவரைப் படிவத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

நேர்காணல் சில நிமிடங்கள்தான். தமிழிலேயே பேசலாம். மகன் என்ன வேலை பார்க்கிறார், எத்தனை நாள் தங்குவீர்கள், செலவு யாருடையது, இங்கே யார் இருக்கிறார்கள்? இவற்றுக்கு அம்மா தன் வார்த்தையில் பதில் சொன்னால் போதும். மனப்பாடம் செய்ய வைத்தால் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவார். பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டுப் பிள்ளை மனு போட்டிருந்தால் மறைக்காதீர்கள். வேண்டுமென்றே சொன்ன பொய், நிரந்தரத் தடை வரை கொண்டுபோய் விடும்.

மறுப்பு பெரும்பாலும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் வரும். குடியேறத்தான் வருகிறார் என்றே சட்டம் முதலில் கருதுகிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அப்பீல் கிடையாது. மறுபடி பணம் கட்டலாம். நிலைமை எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போவது வீண் செலவு. அதே சட்டத்தின் 221(ஜி) பிரிவில் முடிவை நிறுத்திவைத்தால் கதை வேறு: கேட்ட ஆவணத்தைக் கொடுத்தாலோ, அவர்கள் விசாரணை முடிந்தாலோ விசா கிடைக்க வாய்ப்புண்டு.

விசா 10 வருடத்துக்கு வந்தாலும், ஒவ்வொரு முறையும் தங்கும் காலத்தை முடிவுசெய்வது விமான நிலைய அதிகாரி. வழக்கமாக 6 மாதம். இறங்கியதும், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் தேதியை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். திரும்பும் டிக்கெட் அதற்குள் இருக்க வேண்டும்.