லாம்பார்ட் தெரு, ஜனவரி

ஜனவரி 8
பிள்ளையின் இருமல் நாய் குரைப்பதுபோல இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்தவன் நான்கு வரை தோளைவிட்டு இறங்கவில்லை.

ஜனவரி 9
அம்மாவுக்கு போன் செய்தேன். "நெஞ்சுல தைலம் தேச்சியாடி? குளிர்ல வெளியே தூக்கிட்டுப் போகாத." டாக்டர் நேர்மாறாகச் சொல்கிறார்: இரைப்பு வந்தால் சற்று நேரம் குளிர்காற்றில் வைத்திருங்கள். இரவு மூன்று மணிக்கு, போர்வைக்குள் அவனைச் சுருட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றேன். தெருவில் ஈ காக்கை இல்லை. நான் படித்துக்கொண்டிருக்கும் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் ஏறி இறங்கிய பிலடெல்பியா தெரு இது.

ஜனவரி 10
1896 ஆகஸ்டில், இங்கிருந்த கறுப்பின மக்களை ஆராய டு பாய்ஸ் வந்தார். கல்யாணமாகி மூன்று மாதம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தந்த பதவி வெறும் உதவியாளர். பாடம் நடத்த விடவில்லை. ஆண்டுக்கு 900 டாலர். ஏழாவது வார்டில் ஓர் உணவுச்சாலைக்கு மேலே ஒற்றை அறை. ஸ்ப்ரூஸ் தெருவிலிருந்து சவுத் தெரு வரை ஒரு வீடு விடாமல் தனியாகப் போய்க் கதவைத் தட்டினார், ஏறக்குறைய 2,500 குடும்பங்கள். எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு வாடகை, எங்கே பிறந்தீர்கள். அந்த வார்டில் மட்டும் 9,675 கறுப்பின மக்கள். தங்களை ஆராய வந்தவரை அவர்களுக்கே முதலில் பிடிக்கவில்லை. எனக்கு அது புரிகிறது. பிள்ளை படுத்திருக்கும் வீட்டுக்குள் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து நின்றால் நான் உள்ளே விடுவேனா?

ஜனவரி 11
101.2. மருந்து கொடுத்தபின் 99.8. மறுபடி 101.

ஜனவரி 12
டு பாய்ஸ் தன் மகனின் சாவைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை இன்று படித்திருக்கக் கூடாது. மகன் பர்கார்ட். பிறப்பு 1897 அக்டோபர் 2. இறப்பு 1899 மே 24, அட்லாண்டாவில். இரண்டு முறை கணக்குப் போட்டேன். 19 மாதம், 22 நாள். பத்து நாள் படுத்துக் கிடந்திருக்கிறான். இவனுக்கு இன்று ஐந்தாம் நாள்.

டிப்தீரியா. ஊரில் தொண்டை அடைப்பான் என்போம். அதற்கு மாற்றுமருந்து அப்போதே வந்துவிட்டது. ஆனால் அட்லாண்டாவின் வெள்ளைக்கார வைத்தியர்கள் கறுப்புக் குழந்தையைத் தொட மாட்டார்கள். கறுப்பு வைத்தியர்கள் சிலரே. அவர்களில் ஒருவரைத் தேடி இருட்டில் அலைந்திருக்கிறார். கடைசியில் ஊர்வலம் போகும்போது தெருவில் நின்றவர்கள் கேவலமாகக் கத்தினார்கள். அந்தச் செம்மண்ணில் பிள்ளையைப் புதைக்க மனம் வராமல், வடக்கே தன் சொந்த ஊரான கிரேட் பாரிங்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசியை, காய்ச்சல் என்று தள்ளிவைத்திருக்கிறோம். அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாலாவது கட்டம் வெறுமையாக இருக்கிறது. "இது வேற, சாதாரண வைரஸ்தான், தேவையில்லாம பயப்படாதே" என்கிறார் இவர். எனக்கும் தெரியும். அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13
தூங்கினான். நான் தூங்கவில்லை.

ஜனவரி 14
மகன் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 1899 ஏப்ரலில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளைக்காரக் கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. அதைப் பற்றி நிதானமாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு டு பாய்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துபோகிறார். வழியில் சொல்கிறார்கள்: ஹோஸின் விரல் முட்டிகள் மிட்செல் தெரு மளிகைக்கடையில் பார்வைக்கு வைத்திருக்கிறது என்று. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கெல்லாம் பிறகு, 1900 பாரிஸ் கண்காட்சிக்கு மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்த சுமார் 60 புள்ளிவிவரப் படங்கள். ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜார்ஜியா கறுப்பின மக்களில் பெரிய நகரங்களில் 78,139 பேர், பச்சைக்கோடு. கிராமப்புறத்தில் 734,952 பேர். அந்தக் கோடு தாளில் அடங்காமல் சிவப்பாகச் சுருண்டு சுருண்டு நடுவில் போய் முடிகிறது. எண்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைப் புதைத்து ஓராண்டுகூட ஆகாத கை அதில் இருந்திருக்கிறது. நான் தெர்மாமீட்டர் எண்ணைக் குறிக்கும்போதே என் கை நடுங்குகிறது.

ஜனவரி 15
98.9!

ஜனவரி 17
வண்டியில் உட்காரவைத்து ஆறாவது தெரு முனைவரை போனோம். அங்கே சுவரில் டு பாய்ஸின் ஓவியம் இருக்கிறது. அவன் பக்கத்திலிருந்த தீயணைப்பு வண்டியைத்தான் காட்டினான்.

அவர் மனைவி நீனாவை நினைத்துக்கொண்டே வந்தேன். வயிற்றில் பிள்ளையோடு இந்தத் தெருக்களில் நடந்திருப்பாள். அவளைப் பற்றி அதிகம் எழுதவே இல்லை யாரும். மகனுக்குப் பிறகு அவள் பழையபடி இல்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். 1950-இல் கிரேட் பாரிங்டனில் மகன் இருந்த இடத்திலேயே அவளையும் அடக்கம் செய்தார்கள். டு பாய்ஸ் இருப்பது கானாவில், அக்ராவில். 51 வருஷம் அவள்

அழுகிறான், போகிறேன்.

ஜனவரி 19
ஊசிக்குச் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை 99.6. போகலாம் என்கிறார் இவர்.